பச்சை சைக்கிளும் மாமாவின் பெருந்தன்மையும்

என் வயதை ஒட்டிய பெண்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது மன்னிக்கிற வியாதி வந்திருக்கிறது. மூட்டுவலியோடு சேர்ந்து வருகிறது போலும். போனவர்களைப் பற்றி இனி என்ன பேச்சு, விட்டுவிடு என்று என்னிடமும் சொல்கிறீர்கள். சர்க்கரையை விடச் சொன்னார்கள், விட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், தூத்துக்குடியில் பிறந்துவிட்டு அதையும் குறைத்தேன். என் தாய்மாமா மேல் இருக்கிற கோபத்தை மட்டும் எந்த டாக்டரும் தொட விடமாட்டேன். போன மாதம் அந்தக் கோபத்துக்கு ஒரு நேரம் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவுக்குப் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற வேலை. வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற தோணியின் தலைவனைத் தண்டல் என்போம். அப்படி ஒரு தண்டல் திரும்பி வரும்போது ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். அப்பா அதை எனக்கு வாங்கித் தந்தார். சுங்கத்தில் எப்படி விட்டார்கள் என்று கேட்காதீர்கள், அப்பாவும் எனக்குச் சொன்னதில்லை. வேப்பங்கொழுந்துப் பச்சை. பெண்கள் ஓட்டுவதற்குத் தோதாக வளைந்த கம்பி. கைப்பிடியில் ஒரு சின்ன விசை. அதைத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், மிதி லேசாகும். மறுபடி தள்ளினால் இறுகும். மூன்று கியர். எங்கள் மில்லர்புரத்தில் அதுவரை யாரும் கியர் வைத்த சைக்கிளைப் பார்த்ததில்லை. தெருப் பையன்கள் எல்லாரும் அந்த விசையை ஒரு தடவையாவது தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் நம் ஊரில் கியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடு என்று ஒன்று இருந்தால்தானே? எங்கள் ஊரில் மலை என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்பு அம்பாரம்தான். நான் முதல் கியரில் போனாலும் மூன்றாவது கியரில் போனாலும் கடற்கரைச் சாலை ஒரே மாதிரிதான் கிடந்தது. கடல்காற்றில் சக்கரக் கம்பிகள் துருப்பிடித்துவிடும் என்று தினமும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பேன். தலைக்கு வைக்கிற எண்ணெயெல்லாம் சக்கரத்துக்குப் போகிறதே என்று அம்மா திட்டுவாள். எனக்கு ஒரே ஆசை, அதை ஒரு மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

மலை மாமாவிடம் இருந்தது. அம்மாவின் அண்ணன். மேற்கே பொதிகை மலையடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அங்கேதான் போவோம். அந்த வருடம் சைக்கிளும் பஸ்ஸின் கூரையில் ஏறி எங்களோடு வந்தது. நாங்கள் போய் இறங்கும்போது கடையில் பித்தளையைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருப்பார்கள், தெருவெல்லாம் அந்தப் புளிப்பு வாடை அடிக்கும். அத்தை கொடுக்கும் தண்ணீர் இனிக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியும்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு பேர் பார்க்கக் கொடுப்பார். ஒருவரும் பார்க்காதபோது திரும்ப வாங்கிக்கொள்வார்.

அந்த ஊர்ப் பையன்கள் கோடைக்கு ஒரு தடவை சைக்கிளில் ஒரு சுற்றுப் போவார்கள். அதற்கு 'மூணு தண்ணி' என்று பெயர். விடியுமுன் கிளம்பி முதலில் மணிமுத்தாறு அணை, பிறகு ஆற்றைத் தாண்டிப் பாபநாசம் கீழணை, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறி மேலணை, பிறகு இறங்கி இருட்டுவதற்குள் வீடு. ஒவ்வொரு அணையிலும் முன்சக்கரத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் போனதாகக் கணக்கில்லை. என்னைவிட மூன்று வயது பெரியவனான மாமா மகன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். நானும் வருவேன் என்றேன். அவன் சிரித்தான். மாமா கடை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார், எதிரே வியாபாரிகள் நாலு பேர். சிரித்த மகனை அதட்டிவிட்டு, என் மருமகள் மூன்று தண்ணீரும் சுற்றி வருவாள், கியர் சைக்கிள் வைத்திருக்கிறாளே, நீங்களே பாருங்கள் என்று சத்தமாகச் சொன்னார். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மணிமுத்தாற்றுக்குப் போகிற பாதையில் வாழைத்தோட்டங்களின் ஈரம் முகத்தில் அடித்தது. கரை ஏறுகிற இடத்தில் பையன்கள் எல்லாம் எழுந்து நின்று மிதித்தார்கள். நான் விசையைத் தள்ளினேன். டிக். உட்கார்ந்தபடியே ஏறினேன். கொழும்பில் செய்தார்களோ சீமையில் செய்தார்களோ, அதைச் செய்தவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று தோன்றியது. மேலே போய்ப் பார்த்தால் மலைகளுக்கு நடுவே அவ்வளவு தண்ணீர். நான் கடலைப் பார்த்தவள், தண்ணீருக்கு அதிசயப்படுகிறவள் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் சும்மா இருந்தது. அலையே இல்லை. மலை தலைகீழாக அதற்குள் தெரிந்தது. நான் முன்சக்கரத்தை இறக்கி நனைத்தேன். மாமா மகன்கூடச் சிரிக்கவில்லை.

அப்போது பின்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். யாரோ கடைக்கு வந்து, உங்கள் மருமகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆம்பளைப் பையன்களோடு போகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவரே அனுப்பியது அவருக்கு மறந்துவிட்டது.

என்னைக் காரில் ஏறச் சொன்னார். நான் கைப்பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏலே, மலையேற இந்தக் கியரு வண்டிதான் தோது. நீ இதுல போ. உன் வண்டியக் காருக்கு மேல கெட்டு" என்றார்.

காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் பச்சை சைக்கிள் அவனோடு இரண்டாவது தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இவரை விடக்கூடாது என்றுதான் தோன்றியது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்படித் தோன்றுமா என்று கேட்பீர்கள். நீங்கள் உங்கள் பன்னிரண்டு வயதை மறந்துவிட்டீர்கள்.

சைக்கிள் மாமாவின் சரக்குக் கிட்டங்கிக்குள் போனது. பாத்திர மூட்டைகளுக்கு நடுவே பூட்டு விழுந்தது. விடுமுறை முடிந்து கிளம்பும்போது கேட்டேன், பிறகு லாரியில் அனுப்புகிறேன் என்றார். லாரிகள் தூத்துக்குடிக்கு வந்தன, போயின. அப்பா ஒரு தடவை அம்மாவோடு நேரில் போய்க் கேட்டார். அப்போது மாமா சொன்னதை அம்மா பெருமையாகத்தான் வந்து சொன்னாள்.

"மாப்பிள்ள, நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான வரப்போறா. அவளுக்கு முன்னாடி அவ சைக்கிளு வந்துட்டுன்னு நெனச்சுக்கிடுங்க."

தாய்மாமன் வீட்டுக்கு முறை உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். அவர் என்னை ஏற்கெனவே தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார், என் சாமானையும் சேர்த்து. அப்பா பதில் சொல்லாமல் வந்துவிட்டார். பெண் கொடுத்த வீட்டாரிடம் வாய் திறக்காத மனிதர். அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மனிதர் என்று பெயர்.

மழை தொடங்கிய மாதத்தில் நான் பெரிய மனுஷியானேன். வீட்டில் சடங்கு வைத்தார்கள். சடங்கென்றால் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் கொண்டுவரும் சீர்ப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். வேறு யார் பட்டு எடுத்துத் தந்தாலும் செல்லாது. மாமா சும்மா வருவாரா? தெருமுனைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மேளம் வைத்து, தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து வந்தார். பட்டுச்சட்டை, நெற்றியில் சந்தனம். மில்லர்புரத்துப் பெண்கள் வாசலுக்கு வாசல் வந்து பார்த்தார்கள். தட்டிலிருந்த தங்கச் சங்கிலியை அத்தை எல்லார் முன்னாலும் என் கழுத்தில் போட்டாள். என்ன கனம், என்ன கனம் என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார். அந்த அடக்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா மகன் வாழைப்பழத் தட்டை என் பக்கத்தில் வைக்க வந்தான். முகத்தை உர்ரென்று வைத்திருந்தான். குனிந்தபோது என் காதில் சொன்னான்.

"ஏளா, உன் சைக்கிள அப்பா வித்துட்டாவ. அதான் சங்கிலியா உன் கழுத்துல கெடக்கு."

என் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. கியர் வண்டி கைவிட்டுப் போன ஆத்திரம் அவனுக்கு.

அத்தை புடவையை எடுத்துக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த அப்பாவிடம் போய் அவர் கையில் வைத்தேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"இது எங்க அப்பா வாங்கித் தந்த சைக்கிள வித்து வாங்கினது. அப்ப இது எங்க அப்பா சீரு. மாமா சீரு இன்னும் வரல."

மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அம்மா வந்து என் தொடையில் கிள்ளினாள், வாயில் அடித்தாள். நான் புடவையைத் தொடமாட்டேன் என்றேன். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாமாவிடம் திருப்பிக் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் செய்த ஒரே சண்டை அதுதான், எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி மாமாவின் நிலைமையைப் பாருங்கள். சீர் ஏற்காமல் பெண் உட்கார்ந்திருந்தால் தாய்மாமன் அந்த வீட்டில் கை நனைக்க முடியாது. மேளத்தோடு வந்தவர் மேளமில்லாமல் பஸ் ஏற வேண்டும். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரிய பொம்பளைகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ரசிக்க ஆரம்பித்தார்கள். உனக்கு என்னதான் வேண்டும் என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சைக்கிள் என்றேன்.

அவர் உள்ளே போனார், வந்தார், வெளியே போனார். ராகு காலத்துக்கு முன்னால் திரும்பி வந்தார். அந்த நேரத்தில் கடையில் கிடைத்தது கறுப்பு நிறத்தில் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள்தான். மேளக்காரர் குறும்புக்காரர், தெருமுனையிலேயே எதிர்கொண்டு போய் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது குடும்பத்துக்கு ஆகாது என்று காரெடுத்து வந்தவர், கைப்பிடியில் பூச்சுற்றிக் குங்குமம் வைத்த ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பட்டுச்சட்டை வியர்வையில் ஒட்ட, மில்லர்புரம் முழுக்கப் பார்க்க நடந்து வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி அடிவரைக்கும் பார்த்தேன். பிறகுதான் புடவை கட்டப் போனேன்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மாமாவை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த கல்யாண வீட்டிலேயே அவர் கதையை மாற்றிவிட்டார். அந்தக் காலத்திலேயே மருமகளுக்குச் சீராகச் சைக்கிள் கொண்டுபோனவன் நான், பெண்பிள்ளை படிக்க வேண்டும், நாலு இடம் போக வேண்டும் என்று நினைத்தேன், ஊரே சிரித்தது, நான் அசையவில்லை என்றார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். நான் எதிரிலேயே நின்று அது பொய் என்றேன். என் தலையைத் தடவி, பார்த்தீர்களா, இன்னும் அந்தக் குறும்பு போகவில்லை என்று சிரித்தார். ஒவ்வொரு விசேஷத்திலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். கடைசியில் என் மறுப்பும் அவர் கதையில் ஒரு பகுதியாகிவிட்டது. நான் அவருக்குப் போட்ட சூட்டை அவர் நெற்றியில் திருநீறாகப் பூசிக்கொண்டார். மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தபோது முடியாது என்றேன். அதையும், சைக்கிள் கொடுத்தேன், பறந்துவிட்டாள் என்று சொல்லி அழகாக்கினார்.

போன வருடம் காலமானார். நினைவஞ்சலிச் சுவரொட்டியில் 'பெண்களுக்குச் சைக்கிள் தந்த பெருந்தகை' என்று போட்டிருந்தார்கள்.

மாமா மகன் இப்போது ஓய்வுபெற்றவன். அந்த ஊரில் இளவட்டங்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் குழு நடத்துகிறான். போன மாதம் மாமாவின் பெயரில் நினைவுச் சைக்கிள் பயணம் வைத்தான். வழி அதேதான், மூன்று தண்ணீர். அனுமதியெல்லாம் வாங்கியிருந்தான். சைக்கிள் சீர் பெற்ற மருமகள் என்ற முறையில் நான் வந்து கொடியசைத்து, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று போனில் கூப்பிட்டான். வருகிறேன், ஆனால் கொடியசைக்க மாட்டேன், ஓட்டுவேன் என்றேன்.

போனால் எல்லாருக்கும் பனியன் கொடுக்கிறார்கள். முதுகு நிறைய மாமாவின் சிரித்த முகம். எனக்கு நீட்டியதை நான் வாங்கவில்லை. மணிமுத்தாறும் கீழணையும் சமாளித்துவிட்டேன். மலைப்பாதையில் சின்னப் பிள்ளைகள் என்னை ஒவ்வொருவராக முந்தினார்கள். முந்திய ஒவ்வொரு முதுகிலும் மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மேலே போனார். வேனில் ஏறிக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காலில் வலு வந்தது. கடைசி ஆளாக மேலணைக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்சக்கரத்தை நனைத்துவிட்டு அந்தத் தண்ணீரைப் பார்த்து நின்றேன். பன்னிரண்டு வயதில் பார்க்க வேண்டியது. அறுபது தாண்டிப் பார்த்தேன். கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

"எங்க மாமா எனக்குச் சைக்கிள் கொடுத்தது சீர் இல்ல, அபராதம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினார்கள். கிழவி நன்றாகத் தமாஷ் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். செத்தும் அவர்தான் ஜெயிக்கிறார் என்று எனக்கு வயிறெரிந்தது. மாமா மகன் மட்டும் கைதட்டவில்லை. புளியோதரைப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அபராதம் போட்டது அப்பாவுக்கு. கெட்டினது எங்க அம்மா. சடங்கு வீட்டு அடுப்படியில வச்சு அவ கைத் தங்க வளையலக் கழத்தி வித்துத்தான் அந்தச் சைக்கிள வாங்கினாவ. பெறகு செஞ்சு தாரேன்னாவ. செய்யல. அம்மா சாகுற வரைக்கும் கண்ணாடி வளையல்தான்."

எனக்கு இது தெரியாது. ஜன்னலில் நின்று மாமாவின் வியர்வையைத்தான் பார்த்தேன், அத்தையின் கையைப் பார்க்கவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்ட தண்டத்தைக்கூடத் தன் கையிலிருந்து கொடுக்காத மனிதர்மேல் கோபம்தான் வந்தது. என்னிடம் எடுத்து எனக்கே சீர் செய்தார். அவளிடம் எடுத்துத் தனக்குப் பெருமை செய்துகொண்டார்.

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போய் மைக்கை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு வாக்கியத்தில் நிறுத்தவில்லை. மணிமுத்தாற்றில் விரல் விரலாகப் பிரித்ததிலிருந்து சொன்னேன். சங்கிலியைச் சொன்னேன். வளையலைச் சொன்னேன். அத்தை யார், எப்படிச் சோறு போடுவாள் என்று சொன்னேன். அந்தச் சைக்கிளுக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் அவளுக்குச் சொல்லுங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தங்கள் தலைவனைப் பார்த்தார்கள், இந்த அம்மா சொல்வது உண்மையா என்று கேட்பதுபோல.

மாமா மகன் எழுந்து நின்றான். மைக்கைப் பிடுங்குவான் என்று நினைத்தேன். தன் பனியனைத் தலைவழியாகக் கழற்றினான். நரைத்த மார்போடு அத்தனை பேர் முன்னால் நின்று, அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினான். மாமாவின் முகம் உள்ளே போனது. அதை அப்படியே போட்டுக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கலாம், பிரேக்கைப் பார்த்துப் பிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னான்.

இறங்கும்போது அவன் எனக்கு முன்னால் போனான். அந்த வெறும் முதுகுப் பனியனைப் பார்த்துக்கொண்டே மலையடிவாரம் வரைக்கும் வந்தேன். வயிறு குளிர்ந்திருந்தது.